பாஸ்போர்ட் பாடம் நடத்துமா?

(ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், சைனிக்புரி)

இரட்டை நகரங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. பெரும்பாலும் கம்ப்யூட்டர் துறை. அடுத்தபடி மருத்துவம், நர்ஸ் வேலை. இந்தப் பட்டியலில் இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதுதான் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை. எம்.ஏ. ஆங்கிலம் படித்த பெண்களும், பி.எட். முடித்துவிட்டு இங்குள்ள தனியார் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்தில் உழலும் இளைஞர்களும் தாய்லாந்து, வியட்நாம், தென் கொரியா, வளைகுடா என்று விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வேலையைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு விதமான எண்ணங்கள் உலவுகின்றன. "இங்கிலீஷ்தானே! அதைவிடச் சுலபமான வேலை உண்டா?" என்பார் ஒரு சாரார். "வெள்ளைக்காரன் பாஷையை நாம் போய் இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுப்பதாவது!" என்பார் மற்றொரு சாரார். இரண்டும் தவறு என்பதே என் கருத்து. வேலை சுலபமானதும் அல்ல; நமக்கு அதற்குத் தகுதி இல்லாமலும் இல்லை.

இதைச் சொல்ல நீர் யார் என்று அன்பர்கள் கேட்கலாம். நான் மொழியாசிரியன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலத்தைக் கழித்தவன். ஆனால் எங்கள் துறையில் கற்றுக்கொடுப்பதும் வேலையின் ஒரு பகுதி. ஆங்கிலத்தில் அச்சான விதிப் புத்தகத்தை, தெலுங்கும் உருதுவும் பேசும் ஊழியர்களுக்கு, தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வந்தவன் விளக்கிச் சொல்ல வேண்டும். விளங்காமல் போனால் நடப்பது பரீட்சைத் தோல்வி அல்ல, விபத்து. அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

எங்கள் சைனிக்புரியில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண். ஆங்கிலத்தில் எம்.ஏ., பி.எட்., ஐந்தாண்டு பள்ளி அனுபவம். கிழக்காசிய நாடு ஒன்றில் ஒரு தனியார் மொழிப் பள்ளிக்கு விண்ணப்பித்தாள். கம்ப்யூட்டர் வழியாக நேர்காணல் நடந்தது. பேச்சு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்களாம். பிறகு பாஸ்போர்ட் நகலைக் கேட்டார்கள். அனுப்பி வைத்தாள். அதன் பின் அங்கிருந்து ஒரு வரி பதில் இல்லை. "மாமா, என் இங்கிலீஷ் அவங்களுக்குப் பிடிச்சுது. பாஸ்போர்ட் அட்டைதான் பிடிக்கலை போலிருக்கு" என்றாள் அவள்.

அவள் வேடிக்கையாகச் சொன்னது சில நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது. தென் கொரியாவில் ஆங்கில உரையாடல் ஆசிரியருக்கான விசா 'ஈ-2' எனப்படும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே பொதுவாக அது உரியது. இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலான பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தபோது ஒரு சிறு கதவு திறந்தது. உரிய பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் அங்கே உதவி ஆசிரியராகச் செல்லலாம். ஏழு நாட்டாருக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். நமக்கோ ஆசிரியப் பயிற்சிச் சான்றும் வேண்டும். சீனாவிலும், மொழி கற்பிக்க வரும் அயல்நாட்டவர் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவராக இருக்க வேண்டும் என்பதே பொது விதி.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஹைலே செலாசி எத்தியோப்பியாவை ஆண்ட 1950, 60களில், அந்நாட்டுப் பள்ளிகளுக்கு இந்தியாவிலிருந்து ஆசிரியர்களைத் தருவித்தார்கள். கேரளத்தார் மிகுதியாகச் சென்றார்கள். பூட்டான் 1960களில் ஆங்கில வழிக் கல்வியைத் தொடங்கியபோது, மலைப்பாதையில் நடந்து போய்ப் பாடம் நடத்தியவர்களில் தென்னிந்தியர் பலர் உண்டு. அவர்களிடம் "உன் தாய்மொழி என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பள்ளிகளைத் திறந்தே இருக்க முடியாது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தார்நாகாவையே எடுத்துக்கொள்வோம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் 1958ல் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. 1972ல் பிற அயல்மொழிகளும் சேர்ந்தன. 2007ல் அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என்ற மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அதிகாரிகளும் ஆசிரியர்களும் இந்திய அரசின் 'ஐடெக்' போன்ற உதவித் திட்டங்களில் இங்கே வந்து ஆங்கிலம் கற்றுப் போகிறார்கள். கம்போடியா, லாவோஸ், மியான்மர், வியட்நாம் ஆகிய நாடுகளில் இந்திய உதவியுடன் ஆங்கிலப் பயிற்சி மையங்கள் அமைந்தபோது, பாடத்திட்டத்துக்கும் பயிற்சிக்கும் கை கொடுத்தது இந்த ஹைதராபாத் நிறுவனமே. ஓர் அரசு தன் அதிகாரிகளை நம்மிடம் அனுப்பி ஆங்கிலம் படிக்க வைக்கிறது. நம் பெண் விண்ணப்பித்தால் இன்னோர் அரசு பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறது!

நிற்க. உண்மையில் யார் நன்றாகக் கற்பிப்பார்கள்? ஒரு மொழியில் பிறந்து வளர்ந்தவரா, அதை உழைத்துக் கற்றவரா?

ஒரு சிறு உதாரணம். அரபு மொழியில் 'பம்பாய்' என்பதன் முதல் ஒலி உண்டு. 'பழம்' என்பதன் முதல் ஒலி இல்லை. ஆகவே வண்டி நிறுத்துமிடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஓர் அரபு மாணவர் சொன்னால், நாய் குரைப்பதைக் குறிக்கும் சொல்லாக அது காதில் விழும். ஆங்கிலேய ஆசிரியருக்கு இது சிரிப்பாக இருக்கும். தமிழருக்கு இது சிரிப்பல்ல, சொந்தக் கதை. நம் எழுத்தில் இரண்டு சொல்லுமே 'பார்க்கிங்'தானே! ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு இரண்டு ஒலிகளையும் பிரிக்க எவ்வளவு காலம் பாடுபட்டோம் என்பது நமக்குத் தெரியும். உதட்டை எப்படி வைக்க வேண்டும், மூச்சை எங்கே விட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவும் நம்மால் முடியும்.

இன்னொன்று. நம் பாட்டிமார் காலையில் குடித்தது 'காப்பி'. கொரியர்களும் ஏறக்குறைய 'கொப்பி' என்றே சொல்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மேல்பற்கள் கீழுதட்டைத் தொட்டு வரும் அந்த ஆங்கில ஒலி தமிழிலும் இல்லை, கொரிய மொழியிலும் இல்லை. அதுபோல் ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி' என்ற சிறு சொற்கள் தமிழில் இல்லை. ஜப்பானிய, கொரிய, சீன, தாய் மொழிகளிலும் இல்லை. எங்கே அது வேண்டும், எங்கே வேண்டாம் என்று அந்த மாணவன் திணறும்போது, "அப்படிச் சொன்னால் காதுக்குச் சரியாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்று ஆங்கிலேய ஆசிரியர் சொல்லக்கூடும். நாம் காரணத்தோடு கற்றவர்கள். காரணத்தோடு சொல்ல முடியும்.

இது வெறும் இனப்பற்றில் பேசும் பேச்சல்ல. உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் 'செயல்வழி மொழிக் கற்பித்தல்' என்ற முறை இன்று பிரபலம். இலக்கண விதியை முதலில் ஓதாமல், ரயில் கால அட்டவணையைப் படித்துப் பயணம் திட்டமிடுவது போன்ற ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்யும் போக்கில் மொழியைக் கற்கச் செய்வது அது. இம்முறைக்கு வித்திட்ட முக்கியமான சோதனை 1979 முதல் 1984 வரை நடந்தது. நடந்த இடம் லண்டனும் அல்ல, நியூயார்க்கும் அல்ல. பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகள். நடத்தியவர் என்.எஸ். பிரபு. அதைப் பற்றிய அவரது நூல் 1987ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. 'ஒரே முறை எல்லா ஊருக்கும் பொருந்தாது' என்று வாதிட்டு 2003ல் பெரிதும் பேசப்பட்ட நூலை எழுதியவர் குமாரவடிவேலு என்ற தமிழர். ஆங்கிலக் கற்பித்தலில் உள்ள ஆதிக்கத்தைப் பற்றி 1999ல் எழுதிய சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டோடு போகும் இளைஞர் பயிற்சி வகுப்பில் படிக்கும் பாடத்தில் இவர்களின் சிந்தனையும் கலந்திருக்கிறது. ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான 'டீசால்' கூட, தாய்மொழி எது என்பதை வைத்து ஆசிரியரை ஒதுக்குவது தவறு என்று 2006ல் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. அரசாங்க விதிகள்தாம் இன்னும் அந்த அறிவிப்பைப் படிக்கவில்லை.

ஆனால் நியாயம் பேசும்போது நம் பக்கத்துக் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இந்தியாவில் நாம் பேசும் ஆங்கிலத்தில் சில வழக்குகள் நமக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வகுப்பில் சந்தேகம் கேட்கும் மாணவன் 'டவுட்' என்கிறான். அங்கே அது நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்று பொருள் தரும். கல்லூரிப் படிப்பை முடித்தவரை 'பாஸ் அவுட்' ஆனார் என்கிறோம். அங்கே அது மயக்கம் போட்டு விழுந்ததைக் குறிக்கும். 'எ'கரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு 'ய்' சேர்த்து 'யெவரி', 'யெம்' என்பது தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொதுவான சொத்து. இவையெல்லாம் நம் வீட்டுக்குள் இருக்கலாம். அயலூரில் ஆசிரியராக நிற்கும்போது தெரிந்துகொண்டு தவிர்க்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, பாடம் என்றால் ஆசிரியர் பேசுவது என்று நாம் பழகியிருப்பது. மொழி வகுப்பில் மாணவன்தான் பேச வேண்டும். நாற்பது நிமிட வகுப்பில் முப்பத்தைந்து நிமிடம் ஆசிரியரே பேசினால், அவர் ஆங்கிலம்தான் வளரும்.

அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் எழுதும் கடிதங்களையும் பேச்சையும் கேட்டால், அன்றாடத் தொல்லைகள் அனைத்தும் ஒரே மாதிரி இருக்கின்றன. முதலாவது, "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "எஸ்" என்று தலையாட்டும். கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார். ஜப்பானில் 'ஹாய்' என்றால் பல நேரம் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றே பொருளாம், 'புரிந்தது' என்பதல்ல. தவறாகச் சொன்னால் நாலுபேர் முன்னிலையில் மானம் போகுமே என்ற அச்சம் பல நாடுகளில் உண்டு. நம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லையா என்ன?

இதற்கு எங்கள் ரயில்வேயில் ஒரு மருந்து உண்டு. லெவல் கிராஸிங் கேட்டை மூடியாயிற்றா என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட்டால், கேட்மேன் "ஆயிற்று" என்று சொல்வது போதாது. தன்னிடமுள்ள அச்சிட்ட தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பரைச் சொல்ல வேண்டும்; மாஸ்டர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே வண்டி. வெறும் 'ஆமாம்' என்பதை நம்பி எந்த ரயிலும் புறப்படுவதில்லை. ஆசிரியரும் அப்படித்தான் இருக்க வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்பதைவிட, புரிந்திருந்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்யச் சொல்வதே மேல். "நேற்று நீ செய்ததில் மூன்றைச் சொல்" என்றால் இறந்தகாலம் புரிந்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது தொல்லை, பரீட்சை. பெற்றோர் கேட்பது பேச்சை. பள்ளி நடத்துவது பரீட்சைக்கு. பாடப் புத்தகமோ இரண்டுக்கும் சம்பந்தமில்லாதது. மூன்றாவது, ஆசிரியரைக் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்வது. அயல்நாட்டவர் என்று வாசலில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அதே அயல்நாட்டவர் நிறம் மாநிறமானால் விளம்பரத் தாளில் படம் வராது. "ஊர் எது என்று கேட்டால் லண்டன் என்று சொல்" என்று மேலாளர் கட்டளையிட்ட கதையும் ஒரு பையன் சொன்னான். "சென்னை என்றுதான் ஸார் சொன்னேன். பிள்ளைகள் இட்லி எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். அன்றைக்கு முழுக்க அவர்களே பேசினார்கள்" என்றான். அதைவிட நல்ல வகுப்பு எது?

நான்காவது தொல்லையைத் தொல்லை என்று சொல்வது போதாது. ஆபத்து என்றே சொல்ல வேண்டும். நேர்வழி அடைபடும்போது குறுக்குவழி திறக்கிறது. "டூரிஸ்ட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொல்வார். தாய்லாந்தில் ஆசிரியராக வேலை பார்க்க, அதற்குரிய விசா, வேலை அனுமதி, ஆசிரியர் உரிமம் அல்லது அதிலிருந்து தற்காலிக விலக்கு ஆகியவை வேண்டும். டூரிஸ்ட் விசாவில் பாடம் நடத்தினால் பிடிபடுவது பள்ளி மட்டுமல்ல. அபராதமும் நாடு கடத்தலும் ஆசிரியருக்குத்தான். அதைவிடக் கொடுமை 2022ல் வெளிச்சத்துக்கு வந்தது. தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன நம் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். தமிழகத்தாரும் தெலுங்கு மாநிலத்தாரும் அவர்களில் உண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விடுத்தது. அவர்களுக்குக் காட்டிய ஆசை கம்ப்யூட்டர் வேலை. நாளை அது ஆங்கில ஆசிரியர் வேலையாக இருக்காது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

வேலைச் சந்தையும் நிலையானதல்ல. 2021 ஜூலையில் சீன அரசு ஒரே உத்தரவில் பள்ளிப் பாடங்களுக்கான லாப நோக்கு டியூஷன் தொழிலை முடக்கியது. வெளிநாட்டில் உள்ளவர்களை வைத்துச் சீனக் குழந்தைகளுக்கு இணையம் மூலம் பாடம் நடத்துவதும் அதோடு நின்றது. வீட்டிலிருந்தபடியே சம்பாதித்த பல நாட்டு ஆசிரியர்களுக்கு ஓர் இரவில் வேலை போயிற்று.

ஆகவே இந்த வேலைக்குப் பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். முதலில் விசா எந்த வகை என்று கேளுங்கள். சம்பளத்தை அப்புறம் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' பதிவில் ஏஜென்ட்டின் பெயர் உள்ளதா என்று பாருங்கள். வேலை ஒப்பந்தம் கையில் வராமல் பணம் கட்டாதீர்கள். நாலு வாரத்தில் வீட்டிலிருந்தே சான்றிதழ் என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கேம்பிரிட்ஜ் அளிக்கும் 'செல்டா' பயிற்சியில், மதிப்பீட்டாளர் முன்னிலையில் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். சான்றிதழுக்கு மதிப்பு அங்கிருந்துதான் வருகிறது. அவ்வளவு செலவு முடியாதென்றால், நம் தார்நாகாப் பல்கலைக்கழகத்திலேயே ஆங்கிலம் கற்பிப்பதற்கான முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. சைனிக்புரியிலிருந்து கிளம்பினால் மௌலாலி தாண்டி அரை மணிப் பயணத்தில் கிடைப்பதை, ஆயிரக்கணக்கான மைல் தாண்டித் தேடுவானேன்?

போகும் நாட்டின் மொழியில் ஐம்பது வார்த்தையாவது கற்றுக்கொண்டு போகச் சொல்லுங்கள். தெலுங்கில் நான் தப்பும் தவறுமாகப் பேசத் தொடங்கிய பிறகுதான், என் கீழ் இருந்த ஊழியர்கள் தங்கள் சந்தேகங்களை என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். ஆசிரியரும் தடுமாறுகிறார் என்று தெரிந்தால் மாணவனுக்குக் கூச்சம் போய்விடும்.

கடைசியாக, நம் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன தொல்லைகளைப் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களின் நினைவு உங்களுக்கு வந்திருக்கும். ஹைதராபாதில் பிறந்த குழந்தைக்குப் பள்ளியில் தெலுங்கும் ஹிந்தியும் ஆங்கிலமும். தமிழ் வீட்டுச் சமையலறையோடு சரி. அதற்குத் தமிழ் எழுத்து ஏறக்குறைய அயல்மொழி எழுத்துத்தான். அதைப் பிடித்து உட்கார வைத்து, முதல் நாளே உயிர்மெய் அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொன்னால் அடுத்த வாரம் வராது. பாட்டிக்கு ஒரு கடிதம், கல்யாணப் பத்திரிகையைப் படித்து முகூர்த்த நேரம் சொல்வது, மளிகைச் சீட்டு எழுதுவது என்று வேலையைக் கொடுத்தால் எழுத்து தானே வரும். கடலூர்ப் பள்ளியில் ஆங்கிலத்துக்குச் செய்து பார்த்ததைத் தமிழுக்குச் செய்து பார்க்க என்ன தடை?

சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு. வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு வந்த நம் இளைஞர்களை அழைத்து, போக விரும்புகிறவர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் ஒரு ஞாயிறு மாலை வழிகாட்டச் செய்யுங்கள். அதே இளைஞர்களை நம் தமிழ் வகுப்பிலும் சில வாரம் நிற்க வையுங்கள். அயல்மொழியை அயலாருக்குக் கற்பித்த கை அது; நம் மொழியை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் உதவும். நான் மேலே சொன்ன பெண் இப்போது விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டே, தார்நாகா டிப்ளமோவிலும் சேர முயற்சி செய்துகொண்டிருக்கிறாள். கதவு திறக்கும் வரை ஞாயிறு வகுப்புக்கு வருகிறாயா என்று கேட்டேன். "வர்றேன் மாமா. ஆனா அங்கேயும் பாஸ்போர்ட் கேட்பாங்களா?" என்கிறாள். கேட்க மாட்டோம் என்று சங்கத்தின் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்பர்கள் தங்கள் கருத்தையும் எழுத வேண்டுகிறேன்.